பல்கலைக்கழகப் படிப்புப் பட்டியலை வாசிப்பது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு திருநெல்வேலிப் பக்கம் கிளம்பிவிடும் கேள்வி ஒன்று உண்டு: “எம்.எஸ். யுனிவர்சிட்டியில என்னென்ன கோர்ஸ் இருக்கு?” எம்.எஸ். என்றால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். கேட்பவர் ஒரு பட்டியலை எதிர்பார்க்கிறார். பட்டியல் இருக்கிறது, தேடினால் இணையத்தில் கிடைத்தும்விடும். ஆனால் அதைத் திறந்தால் ஒரே பாடம் நான்கு பெயரில் இருக்கும், பி.எஸ்சி. தேடுகிறவருக்கு எம்.எஸ்சி.தான் கண்ணில் படும், கல்லூரிப் பெயர் ஒரு பக்கமும் துறைப் பெயர் இன்னொரு பக்கமும் நிற்கும். வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு இதில் தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஒரு பட்டப்படிப்பைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டால் போதும். பட்டத்தைத் தருவது யார்? வகுப்பு நடப்பது எங்கே? சான்றிதழில் அச்சாகப்போகும் பெயர் என்ன? நம் ஊரில் இந்த மூன்றையும் ஒன்றாக்கி “காலேஜ் சீட்” என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் தருவது யார் என்பதைப் பார்ப்போம். இந்தியாவில் கல்லூரிகள் பட்டம் தருவதில்லை. 1956ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், அதற்கு இணையாக அதிகாரம் பெற்ற நிறுவனமும்தான் பட்டம் தர முடியும். கல்லூரி என்பது அந்தப் பட்டத்துக்கான பாடத்தை நடத்தும் இடம். இப்படிப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதைத்தான் ‘இணைவு பெற்ற கல்லூரி’ என்கிறார்கள். பேச்சு வழக்கில் ‘அஃபிலியேட்டட்’.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1923இல் தொடங்கிய கல்லூரி. ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை அங்கே படித்திருந்தால், 1950களில் படித்த தாத்தாவின் பட்டச் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கும். 1966இல் தென் மாவட்டங்களுக்கென மதுரையில் பல்கலைக்கழகம் வந்ததால், 1980களில் படித்த அப்பாவின் சான்றிதழில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கும். 1990இல் அதிலிருந்து பிரிந்து திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானது. அதனால் பேத்தியின் சான்றிதழில் அந்தப் பெயர். மூவரும் உட்கார்ந்தது ஒரே வளாகத்தில், பட்டம் தந்தது மட்டும் மூன்று பல்கலைக்கழகம்.

நெல்லையிலிருந்து ஆலங்குளம் வழியாகத் தென்காசி போகும் சாலையில், பேட்டையைத் தாண்டி அபிஷேகப்பட்டியில் இருக்கிறது பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் இதன் எல்லைக்குள் வருகின்றன. பஸ்ஸில் போகும்போது அந்த வளாகத்தைப் பார்த்துவிட்டு, “பி.காம்.க்கு இங்கதான் அப்ளிகேஷன் போடணுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாக இல்லை. வளாகத்துக்குள் இருக்கும் துறைகள் பெரும்பாலும் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்குமானவை. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். எல்லாம் நடப்பது ஊர் ஊராக இருக்கிற கல்லூரிகளில்.

அந்தக் கல்லூரிகளிலும் வகை இருக்கிறது. அரசுக் கல்லூரி ஒன்று, திருநெல்வேலி ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி மாதிரி. அடுத்தது அரசு உதவி பெறும் கல்லூரி, அதாவது எய்டட். நிர்வாகம் தனியாருடையது, அனுமதிக்கப்பட்ட இடங்களில் உள்ள ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு தரும். மூன்றாவது சுயநிதி, அதாவது செல்ஃப் பைனான்ஸ். இதில் ஒரு முடிச்சு: எய்டட் கல்லூரி என்று பெயர் பெற்ற பல இடங்களில் ஒரே கட்டடத்துக்குள் எய்டட் பிரிவும் செல்ஃப் பைனான்ஸ் பிரிவும் சேர்ந்தே நடக்கும். ஒரே பி.காம்., இரண்டு பிரிவு. கட்டணம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கலாம், கிடைக்கும் பட்டத்தில் வித்தியாசம் இருக்காது. ‘அந்தக் காலேஜ்ல சீட் கிடைச்சிருச்சு’ என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், எந்தப் பிரிவில் கிடைத்தது என்று கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் தன்னாட்சிக் கல்லூரிகள். அட்டானமஸ் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். தூய சவேரியார் கல்லூரி, சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி, தூத்துக்குடி தூய மரியன்னை கல்லூரி, திருச்செந்தூர் ஆதித்தனார் கல்லூரி, நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி ஆகியவை இந்த வகை. பாடத்திட்டத்தை இவர்களே அமைத்துக்கொள்ளலாம், வினாத்தாளை எடுத்துத் திருத்தி மதிப்பெண் பட்டியலும் இவர்களே தரலாம். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். தன்னாட்சி என்பதைத் தனிப் பல்கலைக்கழகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. தன்னாட்சி இல்லாத கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டுத் தன்னாட்சிக் கல்லூரிக்கு மாற நினைத்தால், பல்கலைக்கழகம் ஒன்றாக இருந்தாலும் பாடத்திட்டம் வேறாக இருக்கும்.

சரி, நான்கு மாவட்டத்தில் இருக்கும் எல்லாக் கல்லூரியும் இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தானா? இல்லை. தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்குத் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி, சென்னையில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்கு அண்ணா பல்கலைக்கழகம், அரசு சட்டக் கல்லூரிக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்கும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கும் அந்தந்தத் துறைக்கான பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பி.எட். கல்லூரிகள் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். ஆகவே “நம்ம யுனிவர்சிட்டியில இன்ஜினியரிங் எப்படி?” என்று கேட்டால், ஊரில் இருக்கும் பொறியியல் கல்லூரி எதைச் சேர்ந்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் சேர்க்கை முறையும் வேறு. மருத்துவத்துக்கு நீட், பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். எய்டட், செல்ஃப் பைனான்ஸ் என்றால் அந்தந்தக் கல்லூரியிலேயே.

வளாகத்துக்குத் திரும்புவோம். ஒரு வட்டாரப் பல்கலைக்கழகம் எதற்கு என்று புரிந்துகொள்ள அதன் துறைகளைப் பார்த்தால் போதும். தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வணிகவியல் எல்லாம் எங்கேயும் இருக்கும். மனோன்மணியத்துக்கென்று பேர் வாங்கித் தந்தவற்றில் முக்கியமானது குற்றவியல் துறை. தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை முதுகலையாகப் படிக்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு. போலீஸ் வேலைக்கான படிப்பு என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. உண்மையில் இது குற்றம் ஏன் நடக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது, சிறையும் நீதிமன்றமும் எப்படி இயங்குகின்றன என்பதை ஆராயும் சமூக அறிவியல். அதேபோல நிலத்தோடு ஒட்டிய இரண்டு மையங்கள் இருக்கின்றன. பொதிகை மலையின் அடிவாரத்தில் ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் அறிவியல் மையம், குமரி மாவட்டக் கடற்கரையில் ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையம். மலையைப் படிக்க மலைக்குப் பக்கத்திலும், கடலைப் படிக்கக் கடலுக்குப் பக்கத்திலும். என்னைக் கேட்டால், பட்டியலில் இப்படிப்பட்ட துறைகளைத்தான் முதலில் தேட வேண்டும். மற்றவை எல்லாப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்கும்.

இனி ஒரு பட்டத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பி.எஸ்சி. இயற்பியல் என்றால் மூன்று வருடமும் இயற்பியல்தான் என்று நினைத்துச் சேருகிற பிள்ளைக்கு முதல் வார டைம் டேபிள் அதிர்ச்சியாக இருக்கும். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் பட்டங்கள் ஐந்து பகுதிகளாக அமைந்தவை. பகுதி ஒன்று தமிழ், அல்லது வேறு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றுதான் நாம் ‘மேஜர்’ என்று சொல்வது. அதோடு சேர்ந்த துணைப்பாடமும், அதாவது அலைடும், அதிலேயே அடங்கும். இயற்பியல்காரருக்குப் பெரும்பாலும் கணிதம் அலைடாக வரும். பகுதி நான்கில் வேறு துறையிலிருந்து ஒரு பாடம், திறன் மேம்பாட்டுப் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி. பகுதி ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணி.

மாநில உயர்கல்வி மன்றம் வகுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் இப்படி இருக்கும்: தமிழுக்கு 3 கிரெடிட், ஆங்கிலத்துக்கு 3, மேஜர் தாள்கள் இரண்டுக்கும் 5 வீதம் 10, விருப்பப் பாடத்துக்கு 3, பிற துறைப் பாடத்துக்கு 2, அடிப்படைப் பாடத்துக்கு 2. ஆக 23. வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பில் மொழிப்பாடங்களுக்கே 12 மணி நேரம் போய்விடும். ஆறு செமஸ்டருக்கும் சேர்த்து 140 கிரெடிட். கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடை. மதிப்பெண் நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினீர்கள் என்பதைச் சொல்லும். கிரெடிட் அந்தப் பாடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைச் சொல்லும். 5 கிரெடிட் தாளில் கோட்டை விட்டால் சராசரி சரியும் அளவுக்கு, 2 கிரெடிட் தாளில் விட்டால் சரியாது. அதற்காக 2 கிரெடிட் தாளை அலட்சியப்படுத்திவிட முடியாது. அதில் அரியர் இருந்தாலும் பட்டம் வராது.

இந்தப் பகுதிக் கணக்கு பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் வந்து நிற்கும். முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் ‘பகுதி மூன்றில்’ எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் அள்ளிக் குவித்து, மேஜரில் தட்டுத்தடுமாறி 40 வாங்கித் தேறியவருக்கு, மொத்தச் சராசரி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முதுகலை வாசலில் அது உதவாது.

பெயர்களுக்கு வருவோம். பட்டியல் நீண்டுகொண்டே போவதற்குக் காரணம் பாடங்கள் அதிகமானது மட்டுமல்ல, பெயர்களும் அதிகமாயின. பி.காம். என்று ஒன்று இருந்தது. இப்போது பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், பி.காம். ப்ரொஃபஷனல் அக்கவுன்டிங் என்று கிளை விட்டிருக்கிறது. கணினியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.எஸ்சி. ஐ.டி., பி.சி.ஏ., இப்போது டேட்டா சயின்ஸும் செயற்கை நுண்ணறிவும். இவற்றின் முதலாண்டுப் பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையத் தாள்கள் ஒன்றாகவே இருக்கும். கல்லூரி வாசல் ஃபிளெக்ஸில் பெரிதாகப் போட்டிருக்கும் பெயரை நம்பாமல், பாடத்திட்டத்தை இறக்கி வைத்துக்கொண்டு ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் தாள்களை வாசியுங்கள். ஒரு படிப்பின் சுயரூபம் அங்கேதான் தெரியும். முதல் வருடம் எல்லாப் படிப்பும் ஒன்று போலத்தான்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் பி.சி.ஏ.வுக்கும் என்ன வித்தியாசம் என்பது கட்டாயம் வரும் கேள்வி. பொதுவாகச் சொன்னால் முன்னதில் கோட்பாட்டுப் பக்கம் கொஞ்சம் கூடுதல், பின்னதில் மென்பொருள் பயன்பாட்டுப் பக்கம் கூடுதல். இரண்டிலிருந்தும் எம்.சி.ஏ. போகலாம். முன்பு மூன்று வருடமாக இருந்த எம்.சி.ஏ. 2020 முதல் இரண்டு வருடம். 2024-25 முதல் பி.சி.ஏ., பி.பி.ஏ. நடத்தும் கல்லூரிகள் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலும் பெற வேண்டும் என்று ஆகியிருக்கிறது. புதுப்பிக்க வேண்டிய விஷயம் என்பதால் சேரும் வருடத்துக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கல்லூரி நினைத்த மாத்திரத்தில் புதுப் பட்டம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட முடியாது. பட்டங்களின் பெயர்களையே யு.ஜி.சி. அரசிதழில் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அந்தப் பெயருக்குள் அடங்கும் பாடத்தைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு உருவாக்கி, கல்விக் குழுக்கள் வழியாகச் சிண்டிகேட் என்னும் பல்கலைக்கழக ஆட்சிக் குழு வரை போய் ஒப்புதல் வாங்க வேண்டும். கல்லூரி தொடங்க விரும்பினால் இணைவுக்குத் தனியாக விண்ணப்பித்து, ஆய்வுக் குழு வந்து ஆசிரியர், ஆய்வகம், நூலகம் எல்லாம் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் இடம் ஒதுக்கப்படும். ஆகவே ‘இந்த வருஷம்தான் புதுசா வருது, அப்ரூவல் வந்துரும்’ என்று யாராவது சொன்னால், வந்த பிறகு சேர்கிறேன் என்று சொல்வதில் தவறே இல்லை.

முதுகலை இரண்டு வருடம், தேர்ச்சிக்கு 50 மதிப்பெண். அதற்கு மேல் ஒரு காலத்தில் எம்.ஃபில். இருந்தது. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிமுறைகளோடு அது நின்றுவிட்டது. அதற்கு முன் வாங்கியவர்களின் பட்டம் செல்லும், புதிதாகச் சேர்க்கக் கூடாது. அதே விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். நாட்டின் வேறு பல பல்கலைக்கழகங்களில் நான்கு வருட இளங்கலை வந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் மூன்று வருடமே தொடர்கிறது. செய்தித்தாளில் நான்கு வருட டிகிரி பற்றி வாசித்துவிட்டுப் பதற வேண்டியதில்லை.

இனி சான்றிதழில் வரும் பெயர். தனியார் நிறுவனத்தில் வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய பொருட்டாக இல்லாமல் போகலாம். அரசு வேலைக்கு எழுதுகிறவருக்கு உயிர்நாடி. அறிவிப்பில் ‘வேதியியலில் பட்டம்’ என்று கேட்டிருந்தால், உங்கள் சான்றிதழில் ‘பயன்பாட்டு வேதியியல்’ என்று இருந்தால் என்ன ஆகும்? தாள்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் ‘இரண்டும் இணையானவை’ என்று அரசு ஏற்றிருக்க வேண்டும். உயர்கல்வி மன்றத்தில் இதற்கென்றே ஒரு இணைநிலைக் குழு இருக்கிறது. அது பரிந்துரைத்து அரசாணை வெளிவந்தால் சரி. இல்லையென்றால் தேர்வில் ஜெயித்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்தப்படலாம். அலங்காரமான புதுப் பெயரில் ஒரு படிப்பும், பழைய வெறும் பெயரில் அதே படிப்பும் இருந்தால், அரசு வேலை எண்ணம் இருப்பவர் பழைய பெயரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

ஆசிரியராக விரும்புகிறவர்கள் கவனிக்க ஒன்று: மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ இணையான பாடத்திலோ இருக்க வேண்டும், கூடவே பி.எட். அதாவது பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எம்.ஏ. ஆங்கிலம் படிக்க யாரும் தடுக்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளும், பட்டமும் தரும். ஆசிரியர் தேர்வு வாரியம்தான் ஏற்காது. ‘கிராஸ் மேஜர்’ என்று இதைச் சொல்வார்கள்.

தமிழ்வழியில் நடக்கும் படிப்புகளும் பட்டியலில் உண்டு. பி.ஏ. வரலாறு, பொருளியல், சில அறிவியல் பாடங்கள்கூட. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் 20 சதவீத இட ஒதுக்கீடு 2010 சட்டப்படி இருக்கிறது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்த பிள்ளை, கல்லூரியில் கௌரவத்துக்காக ஆங்கில வழிக்கு மாறும்போது இதை இழக்கிறது என்பதை வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை பேசிவிடலாம்.

கடைசியாகத் தொலைநிலைக் கல்வி. ‘கரஸ்’ என்றால் இன்றும் ஒரு இளக்காரம் இருக்கிறது. அங்கீகாரத்தோடு நடந்த தொலைநிலைப் பட்டத்தை நேரடிப் பட்டத்துக்குச் சமமாகக் கருத வேண்டும் என்று யு.ஜி.சி. தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கடைக்குப் போய்க்கொண்டே, பீடி சுற்றிக்கொண்டே, கைக்குழந்தையை வைத்துக்கொண்டே பி.ஏ. முடித்தவர்கள் நெல்லையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இதில் பார்க்க வேண்டியது மூன்று. நீங்கள் சேரும் அந்த வருடத்தில், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா? போன வருடம் இருந்தது என்பது கணக்கில் வராது. மாநிலத்தின் எல்லை தாண்டிய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி ஊரில் ‘ஸ்டடி சென்டர்’ நடத்துகிறார்களா? அப்படியானால் இரண்டு மடங்கு எச்சரிக்கை. மூன்றாவது, பள்ளிப் படிப்பு முடியாமல் நேரே பட்டம் என்று ஆசை காட்டுகிறார்களா? தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பின் பட்டம் என்ற வரிசை வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அங்கே எடுபடாது. அனுமதிப் பட்டியல் யு.ஜி.சி. இணையதளத்தில் வருடவாரியாக இருக்கிறது. பணம் கட்டும் முன் அதில் பல்கலைக்கழகப் பெயர், படிப்பின் பெயர், வருடம் மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துச் சான்றிதழ் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.